பெருமாளுக்கு உண்டியல் இருக்குது நைனா

இன்னா நைனா, ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தியாமே? தீபாவளி செலவுக்கு இருபதாயிரமா? குந்து, குந்து. பேனாவை முதல்ல பாக்கெட்டுல வை. எழுபதைத் தாண்டின கை இது, கையெழுத்துப் போட அரை மணி ஆவும். அதுக்குள்ள ஒரு கடன் கதை சொல்றேன், கேட்டுட்டுப் போ.

ஒலகத்துலயே பெரிய விசேஷக் கடன்காரர் யாரு தெரியுமா? வெளியூர்ல தேட வேணாம், நம்ம குப்பம் இருக்குற ஜில்லாதான். 2022-ல திருப்பதின்னு தனி ஜில்லாவாப் பிரிச்சுட்டாங்க, ஆனா கடன் வாங்கின காலத்துல ஜில்லாவும் இல்ல, கலெக்டரும் இல்ல. ஏழுமலையான்தான் நைனா. ஆகாசராஜன் பொண்ணு பத்மாவதியைக் கட்டிக்க ஆசைப்பட்டார். மாப்பிள்ளை கையில தம்பிடி கிடையாது. லட்சுமி முன்னாடியே கோவிச்சுக்கினு கோலாப்பூர் போய்ட்டாங்க. லட்சுமியே வீட்டை வுட்டுப் போனப்பறம் கையில இன்னா நிக்கும்? நேரா குபேரன்கிட்டப் போனார். ராமமுத்திரை போட்ட பொன்னு 14 லட்சம்னு ஒருத்தர் சொல்வார், கோடிக்கு மேலன்னு இன்னொருத்தர் சொல்வார். கடன் கணக்கு எந்த வீட்டுலதான் ஒரே கணக்கா இருந்திருக்குது? பத்திரம் எழுதினாங்க. பிரம்மா ஒரு சாட்சி, சிவன் ஒரு சாட்சி, அரசமரம் ஒரு சாட்சி. கலியுகம் முடியுற வரைக்கும் வட்டி, அப்பால அசல். கலியுகத்துக்கு மொத்தம் 4,32,000 வருசம். அத்தனை நீளத் தவணை உனக்கு எந்த பேங்குல குடுப்பான்?

நாராயணவனத்துல கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. வட்டி இன்னிக்கு வரைக்கும் போய்க்கினு இருக்குது. துட்டை அளக்குறதுக்கு அண்ணன் கோவிந்தராஜரைக் கூப்பிட்டாங்க. அவரு அளந்து அளந்து அலுத்துப்போயி, மரக்காலையே தலைக்கு வெச்சுப் படுத்துட்டார். கீழ்த்திருப்பதி கோயில்ல போய்ப் பாரு, இன்னும் எழுந்திருக்கல. சாமி வீட்டுக் கடன் கணக்குக்கே அண்ணன்காரன் தூங்கிட்டார். உங்க அண்ணன் போனை எடுக்கலைன்னு நீ ஏன் வருத்தப்படுறே?

விசயம் எங்க இருக்குதுன்னா, பெருமாளுக்கு உண்டியல் இருக்குது. 2022-ஆம் வருசம் மட்டும் அந்த உண்டியல்ல 1,400 கோடி ரூவாய்க்கு மேல விழுந்துச்சு. தேசம் பூரா ஜனங்க ரயில் ஏறி வந்து, ராத்திரியெல்லாம் க்யூவுல நின்னு, மொட்டையும் அடிச்சுக்கினு அவரு வட்டியைக் கட்டிட்டுப் போறாங்க. நீ வாங்கப் போற இருபதாயிரத்துக்கு யாரு வந்து மொட்டை போடுவாங்க? நான் இருக்கிறேன்னு பார்க்காதே. என் தலையில மழிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

உன்னைக் குத்தம் சொல்லல. நீ பொறந்த ஊரு அப்படி. குப்பத்துல பொறந்தவனுக்கு மூணு ஸ்டேட்டுப் பண்டிகையும் வரும், சம்பளம் மட்டும் ஒரே ஸ்டேட்டுல இருந்து வரும். கிழக்கால கொஞ்சம் நடந்தா தமிழ்நாடு, மேற்கால கர்நாடகா, நாம நிக்கிறது ஆந்திரா. தெலுங்கு வழியில சங்கராந்தி மூணு நாளு, உகாதி ஒரு நாளு. தமிழ் வழியில ஆடிக் கிருத்திகை, தீபாவளி, கார்த்திகை. கன்னட வழியில கௌரி கணேசன் வந்துடுறான். ஆயுத பூஜைக்கு பெங்களூர் கம்பெனியில பூசணிக்காய் ஒடச்சுட்டு நீ வேற பொரி மூட்டையோட வர்றே. நடுவுல வரலட்சுமி நோம்பு. இதுக்கெல்லாம் மேல வைகாசி வெயில்ல நம்ம ஊரு திருப்பதி கங்கம்மா ஜாதர.

போதாக்குறைக்கு நீ தெலுங்கு வீட்டுல பொண்ணு எடுத்தே. சங்கராந்திக்கு அவங்களுக்கு நீ அல்லுடு, தீபாவளிக்கு நம்ம வழக்கப்படி மாப்பிள்ளை. ரெண்டு தடவை புதுத்துணி வாங்கிக்கினு வர்றே, சந்தோசம். ஆனா ரெண்டு தடவையும் மச்சான் பிள்ளைங்களுக்கு நீ திருப்பி எடுக்கிறியே, அது எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் பார்த்தியா? வந்த வேட்டி எண்ணூறு. போன பாவாடை சட்டை மூவாயிரம். உங்க மாமனார் படிக்காத மனுசன்னு நீ சொல்றே. எனக்கென்னவோ அவரு நல்லாப் படிச்சிருக்கிறார்னு தோணுது.

அரசாங்கம் குடுக்கும்னு ஒக்காந்திருந்ததும் உண்டு. 2015-ல சந்திரன்ன சங்கராந்தி கானுகன்னு பருப்பு, வெல்லம், பாமாயில், நெய்யி எல்லாம் ரேஷன் கடையில குடுத்தாங்க. 2021 பொங்கலுக்குத் தமிழ்நாட்டுல கார்டுக்கு 2,500 ரூவா ரொக்கம்னு கேட்டதும், அந்தப் பக்கம் ஒரு ரேஷன் கார்டு எடுக்க முடியுமான்னு நம்ம தெருவுல எத்தனை பேர் விசாரிச்சாங்க தெரியுமா? 2019-ல எலக்சனுக்கு முன்னாடி பசுபு குங்குமம்னு சேமிப்புச் சங்கத்துப் பொம்பளைங்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் வந்துச்சு, மூணு செக்கா, தேதி போட்டு. கவர்மெண்டே தவணையிலதான் குடுக்குது நைனா. 1989-லருந்து நம்ம தொகுதி சந்திரபாபு தொகுதி. வி.ஐ.பி. தொகுதின்னு பேப்பர்ல எழுதுறான். தொகுதிதான் வி.ஐ.பி., உன் பாக்கெட்டு இல்ல.

சரி, அந்த இருபதாயிரம் யாருகிட்ட வாங்கப் போறே? மூணு வட்டியா? நூத்துக்கு மாசம் மூணு ரூவா. இருபதாயிரத்துக்கு மாசம் அறுநூறு, வருசத்துக்கு ஏழாயிரத்து எரநூறு. அடுத்த தீபாவளி வரைக்கும் வட்டி மட்டும் கட்டினா, அசல் உன் முகத்தைப் பார்த்துக்கினு அப்படியே குந்தியிருக்கும். அஞ்சு வட்டின்னா பன்னெண்டாயிரம். அதுலயும் முதல் மாச வட்டியைப் புடிச்சுக்கினுதான் கையில குடுப்பான். நீ இருபதாயிரம் வாங்கவே இல்ல, பத்தொன்பதாயிரந்தான் வாங்கினே. இருபதுக்கு வட்டி கட்டுறே.

பஜார்ல காய்க்கடைக்காரங்க வாங்குற தண்டலைப் பாரு. ஒம்பதாயிரம் குடுப்பான், நாளைக்கு நூறு ரூவா, நூறு நாள். ஆயிரந்தானே மேலன்னு தோணும். ஆனா அந்த ஒம்பதாயிரம் முதல் நாள் மட்டுந்தான் உன் கையில முழுசா இருக்குது. தினம் நூறு நூறாத் தேஞ்சுக்கினே வருது. சராசரி பார்த்தா நாலாயிரத்து ஐநூறுதான் உங்கிட்ட இருந்துச்சு. அதுக்கு நூறு நாளைக்கு ஆயிரம் வட்டி. வருசத்துக்குப் போட்டுப் பாரு, நூத்துக்கு எம்பது. நான் அஞ்சாங்கிளாஸ்தான். பி.காம். படிச்சவன் நீ, இல்லைன்னு சொல்லு பார்க்கலாம்.

கார்டு இருக்குதா? காட்டு. அட, பளபளன்னு இருக்குதே. இதுல பாக்கி வெச்சா பல பேங்குல மாசம் மூணரை வட்டிக்குக் கொறையாது, வருசத்துக்கு 42. நம்ம தெரு மூணு வட்டிக்காரரைக் கொள்ளைக்காரன்னு திட்டுறே, மூணரை வட்டிக்காரனை சார்னு கூப்பிடுறே. நம்மாளாவது திண்ணையில குந்தி ஒரு டீ குடிச்சுட்டுத்தான் கேப்பாரு. கார்டுக்காரன் ‘மினிமம் டியூ’ன்னு ஒண்ணு போடுவான் பாரு, கொஞ்சூண்டு கட்டினாப் போதும்னு. அவ்வளவு நல்லவன் ஏன் அப்படிச் சொல்றான்? நீ மிச்சத்தைக் கட்டிடக் கூடாதேன்னு அவனுக்கு அவ்வளவு கவலை.

சைபர் வட்டியில டீவின்னு சொல்வே. 2013-லயே ரிசர்வ் பேங்கு பேங்குக்காரங்களைக் கூப்பிட்டு, சைபர் வட்டின்னு ஒண்ணே கிடையாது, வட்டியைப் ப்ராசஸிங் ஃபீஸுல ஒளிச்சு வெக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. அப்பறம் ‘நோ காஸ்ட்’னு பேரை மாத்தி வெச்சுட்டாங்க. ரொக்கத்துக்கு எவ்வளவு கொறைப்பேன்னு கடைக்காரனை ஒரு தடவை கேட்டுப் பாரு. ரெண்டாயிரம் கொறைக்கிறேன்னு சொன்னா, அந்த ரெண்டாயிரந்தான் உன் சைபர். ஃபீஸு மேல 18 சதம் ஜி.எஸ்.டி. வேற, அந்த சைபருக்கு வெச்ச பொட்டு.

வாரக் கட்டு குழு லோனு மட்டும் வேணாம்னு உன் பொண்டாட்டி சொல்றாளா? அவ சொல்றது கரெக்டு. நம்ம ஆந்திராவுல அந்தக் கதை தெரிஞ்சவங்க இன்னும் இருக்கிறாங்க. 2010-ல ஒரு வீட்டுக்கு நாலு கம்பெனி லோன் குடுத்தான். ஒருத்தன் தவணைக்கு இன்னொருத்தன்கிட்ட வாங்கிக் கட்டுறது. வாசல்ல வந்து குந்திக்கினு மானத்தை வாங்கினாங்க. சில வீட்டுல உயிரே போச்சு. அந்த வருசம் ஆகஸ்டுலதான் இந்தக் குழு லோன் குடுத்த எஸ்.கே.எஸ். கம்பெனி பங்கு மார்க்கெட்டுல ஏறுச்சு. அக்டோபர்ல கவர்மெண்டு அவசரச் சட்டம் போட்டுச்சு. வாரா வாரம் வரக்கூடாது, மாசத்துக்கு ஒரு தடவைதான், வீட்டு வாசல்ல இல்ல, பஞ்சாயத்து ஆபீசுல. இப்போ 2022-லருந்து ரிசர்வ் பேங்கு கணக்கு வேற. வருசத்துக்கு 3 லட்சத்துக்குள்ள வருமானம் வர்ற குடும்பத்துக்குக் குடுக்கணும்னா, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாச வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாது. பாதின்னா தாராளமாச்சேன்னு சிரிக்காதே. பதினெட்டாயிரத்துல ஒம்பதாயிரம் தவணைக்குப் போனா, மிச்ச ஒம்பதுல வாடகை, பால், ஸ்கூல் ஃபீஸு, ரயில் சீசன் டிக்கெட்டு. சட்டம் அனுமதி குடுத்துச்சுன்னு பட்டினி கிடப்பியா?

தீபாவளிச் சீட்டுன்னு இன்னொண்ணு இருக்குது. மாசம் ஆயிரம் கட்டு, பண்டிகைக்குத் தங்கக்காசு, வெள்ளிக் கொலுசு, மளிகை, பட்டாசுப் பெட்டி எல்லாம் தர்றேம்பான். செய்யாறு பக்கம் கட்டுனவங்க கொஞ்ச வருசம் முன்னாடி தீபாவளிக்குப் போலீஸ் ஸ்டேசன்ல வரிசையில நின்னாங்க. பதிவு பண்ணுன சீட்டுன்னா 1982 சட்டம் இருக்குது, நடத்துறவனுக்குக் கமிசன் 7 சதத்துக்கு மேல கூடாது, ரிஜிஸ்டிரார் இருக்கிறார். பதிவில்லாதவன்கிட்ட இருக்கிறது சிரிச்ச மூஞ்சி மட்டுந்தான். ஜாமீன் கேட்டு எங்கிட்ட வந்தியே, அவன்கிட்ட நீ யாரை ஜாமீன் கேட்டே?

தங்கம்னதும் ஞாபகம் வருது. ரயில்ல போறப்ப ஜன்னல் வழியா பாத்திருப்பே, பங்காருபேட்டையில இறங்குனா கே.ஜி.எஃப். நூறு வருசத்துக்கு மேல தோண்டுனாங்க. நம்ம பக்கத்து ஜனம் எத்தனை பேர் அந்தக் குழியில எறங்கி எறங்கி நுரையீரலைக் கெடுத்துக்கினாங்க. 2001 பிப்ரவரியில மூடிட்டாங்க. ஏன் மூடுனாங்க? தங்கத்தைத் தோண்டுற செலவு தங்கத்தோட வெலையைத் தாண்டிப் போச்சு. தங்கத்தைத் தோண்டுனவனுக்கே கட்டுப்படி ஆவலை. நீ கார்டுல அட்சய திருதியைக்கு ரெண்டு கிராம் வாங்குறே!

இப்ப ஜாதரைக்கு வா. கீழ்த்திருப்பதியில தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாதர பார்த்திருக்கிறியா? ஏழு நாளைக்கு வேசம். பைராகி வேசம், பண்ட வேசம், தோட்டி வேசம், தொர வேசம், மாதங்கி வேசம். ஆம்பளைங்க சேலை கட்டிக்கினு, மூஞ்சிக்குச் சாயம் பூசிக்கினு ஊரெல்லாம் சுத்துவாங்க. பொண்ணுங்களைக் கெடுத்த பாளையக்காரனைத் தேடிக்கினு அம்மன் தெனம் ஒரு வேசத்துல வந்தாளாம். தொர வேசத்துல வந்த அன்னிக்குத்தான் அவன் ஒளிஞ்ச எடத்துலருந்து வெளிய வந்தான், தலை போச்சு. தொரையைக் கண்டா வெளிய வந்துடணும்னு அவனுக்குப் பழக்கம். நீயும் பண்டிகை வந்தா தொர வேசம் போட்றே நைனா. கூலிங் கிளாசு, புது ஷூ, மச்சான் மொபைல்ல ஒரு போட்டோ. கங்கம்மா ஒரு நாள் போட்டுக் கலைச்சுட்டுப் போய்ட்டா. உன் வேசத்துக்குப் பன்னெண்டு மாசத் தவணை. அவ தேடி வந்தது பாளையக்காரனை. உன்னைத் தேடி வர்றவன் கையில நோட்டுப் புக்கு இருக்குது.

அதனால பண்டிகை வேணாம்னு சொல்றேனா? சீ, சீ. பண்டிகை இல்லாத வீட்டுல நான் குந்துவேனா? வர்ற கங்கம்மாவுக்கு எனக்கு ரெண்டு கறித்துண்டு அதிகம் வேணும், பல்லில்லைன்னாலும். நான் சொல்றது ஒண்ணுதான், பண்டிகை திடீர்னு வர்றதில்ல. போன வருசம் தீபாவளி வந்துச்சு, அதுக்கு முந்தின வருசமும் வந்துச்சு. வீட்டுல கிழிக்கிற காலண்டர்ல எல்லாம் அச்சடிச்சுத்தான் குடுக்கிறான், ஜனவரியிலயே. ஆடிட்டருக்கு வேணும்னா மார்ச்சுல கணக்கு முடியும். நம்ம ஊர்ல வருசம் ஜாதரையில முடிஞ்சு ஜாதரையில ஆரம்பிக்குது.

காகிதம் எடு. உன் பொண்டாட்டியைக் கூப்பிடு, அவளுக்குத்தான் நெசமான கணக்குத் தெரியும். நெல்லூர் பக்கம் தூபகுண்டன்னு ஒரு ஊரு. 1992-ல அங்க பொம்பளைங்க சாராயக் கடைக்கு எதிரா எழுந்து நின்னாங்க. நம்ம கூலித் துட்டெல்லாம் அங்கதான் போவுதுன்னு கணக்குப் பார்த்து நின்னாங்க. அந்தச் சண்டை ஸ்டேட்டு பூராப் பரவி, 1993 அக்டோபர் 1-ஆம் தேதி சாராயத்தை நிறுத்த வேண்டியதாப் போச்சு. அப்பால அந்தப் பொம்பளைங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? தினம் ஒரு ரூவா எடுத்து வெச்சாங்க, பொதுபு லட்சுமின்னு பேரு வெச்சு. பொதுபுன்னா சேமிப்பு. இன்னிக்கு நம்ம தெருவுல இருக்கிற அத்தனை பொதுபு சங்கமும் அந்த ஒரு ரூவாவுல வளர்ந்ததுதான். ஆம்பளைங்க ஒரு ரூவாவை மிச்சம் புடிச்சு ஊரே திரும்பிப் பார்த்ததா ஒரு கதை சொல்லு, கேப்போம். உங்க அவ்வா அரிசிப் பானைக்குள்ள, மிளகு டப்பாவுக்குள்ள வெச்சிருந்த துட்டுலதான் உங்க அப்பன் காலேஜுல சேர்ந்தான். அது எனக்கு அவன் படிச்சு முடிச்சப்பறந்தான் தெரியும். அதுவரைக்கும் மிளகு ஏன் இவ்வளவு வெலைன்னு சந்தையில சண்டை போட்டுக்கினு இருந்தேன்.

எழுதுறியாம்மா? சங்கராந்தி ஒம்பதாயிரம். உகாதி மூணு. ஜாதர பதினெட்டு. வரலட்சுமி, விநாயகர் சேர்த்து நாலு. தீபாவளி பதினாலு. கூட்டு. நாப்பத்தெட்டாயிரமா? பன்னெண்டால வகு. மாசம் நாலாயிரம். பாரு, மூஞ்சி எப்படிப் போவுது இவனுக்கு! பண்டிகைக்கு நாப்பத்தெட்டாயிரம் செலவு பண்ணுறப்ப ஒண்ணும் ஆவலை, எழுதிப் பார்த்ததும் மயக்கம் வருது.

இப்ப கொறைக்கலாம். புரட்டாசி ஒரு மாசம் நம்ம வீட்டுல கறி கிடையாது. வாரா வாரம் ஒரு கிலோ எடுக்கிறவன் நீ. எண்ணூறு ரூவாய்க்கு வெச்சாலும் நாலு வாரத்துக்கு மூவாயிரத்தைத் தாண்டுது. அந்தத் துட்டு இந்த வருசம் எங்க போச்சு? தெரியாது பாரு. கோவிந்தா போட்டு மிச்சம் புடிச்சுக் குடுத்தவர் ஏழுமலையான், நீ அதை பெங்களூர் ஸ்டேசன்ல போண்டாவா தின்னுட்டே. அடுத்த புரட்டாசியிலருந்து சனிக்கிழமை ஆனா அந்த எண்ணூறு தனி டப்பாவுல விழணும். தீபாவளி அடுத்தாப்லதான் வருது. இன்னொண்ணு, மச்சானைக் குடும்பத்தோட விருந்துக்குக் கூப்பிடணும்னா புரட்டாசியிலயே கூப்பிடு. சாம்பாரு, வடை, பாயசம். பக்திக்குப் பக்தியும் ஆச்சு. அவரும் திருப்பிக் கூப்பிடுவாரு, அதுக்கு மட்டும் கார்த்திகை ஆனப்பறம் போ.

தீபாவளித் துணியை ஆடித் தள்ளுபடியிலயே எடுத்து வை. ஆடியில எடுத்த சட்டை ஐப்பசியில புதுச்சட்டை இல்லைன்னு எந்தச் சாஸ்திரத்துல எழுதியிருக்குது? ரெண்டாயிரம் மிஞ்சும். பிள்ளைங்களுக்கு மட்டும் ஒரு சைஸு பெரிசா எடு, மூணு மாசத்துல வளர்ந்துடுதுங்க. பட்டாசுக்கு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே ராத்திரி எட்டுலருந்து பத்து, ரெண்டு மணி நேரந்தான்னு சொல்லிடுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு அஞ்சாயிரம்னா நிமிசத்துக்கு நாப்பது ரூவாய்க்கு மேல. உங்க ஐ.டி. கம்பெனியில கூட யாருக்கும் அந்தச் சம்பளம் இல்ல. எதிர்வீட்டுக்காரன் வெடிக்கிறப்ப நீயும் திண்ணையில நில்லு. சத்தம் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான்.

போனஸ் வந்துச்சே, எட்டாயிரமா? சட்டப்படி கொறஞ்சது 8.33 சதம். அந்தக் கணக்கு ஏன் அப்படி வருதுன்னு தெரியுமா? பன்னெண்டுல ஒண்ணு. வருசத்துக்குப் பதிமூணாவது மாசம் ஒண்ணு உனக்குச் சட்டம் உண்டாக்கிக் குடுத்துச்சு. அது தீபாவளிக்குத்தான். நீ அதை வர்றதுக்கு முன்னாடியே போனுக்கு முன்பணமாக் கட்டிட்டே. அடுத்த வருசம் அது கணக்குல ஏறட்டும்.

உங்க சித்தப்பன் தக்காளிக்காரன், அவனுக்கு மாசச் சம்பளம் இல்ல, அவனுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராதுன்னு சொல்லுவான். அவனுக்குத்தான் நெசமா ஒத்து வரணும். 2023 ஆடியில மதனப்பள்ளி மார்க்கெட்டுல தக்காளி கிலோ இருநூறு ரூவாயைத் தொடப் போச்சு. எங்கெங்கயோ தோட்டத்துக்கு ராத்திரிக் காவல் போட்டாங்க. உடனே புல்லட்டு புக் பண்ணவன் எத்தனை பேரு! புரட்டாசிக்குள்ள வெலை விழுந்து, ஏத்துக்கூலிக்குக் கட்டல. வண்டித் தவணைக்கு மட்டும் வெலை எறங்கல. பட்டுக்கூடு வளர்க்கிறவங்க கொஞ்சம் பரவாயில்ல, புழு ஒரு மாசத்துல கூடு கட்டிடும், ராமநகரத்துல போட்டா துட்டு வந்துடும். ஒவ்வொரு ஈட்டுலயும் பத்துல ஒரு பங்கு பண்டிகைக்குன்னு எடுத்து வெச்சா அதுக்கு மாசக் கணக்கே வேணாம். ஆனா அவன் கேக்க மாட்டான். அவன் என் மவன், எனக்குத் தெரியாதா?

கணக்குக்கு வா. நாப்பத்தெட்டுல புரட்டாசி மூணு, ஆடித்துணி ரெண்டு, போனஸ் எட்டு. பதிமூணு போச்சு. இன்னும் எட்டு நான் கொறைச்சுத் தர்றேன், அது எப்படின்னு கடைசியில சொல்றேன். மிச்சம் இருபத்தேழு. மாசம் ரெண்டாயிரத்து எரநூத்தம்பது. பேங்குல பன்னெண்டு மாசத்துக்கு ஆர்.டி. போடு. தபால் ஆபீசு ஆர்.டி. அஞ்சு வருசத்துக்கு, அது உன் பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்கு ஆவட்டும். சம்பளம் வந்த அன்னிக்கே தானா வெட்டிக்கச் சொல்லிடு. இருபதாம் தேதிக்கு மேல எடுத்து வெக்கிறேம்பே, இருபதாம் தேதிக்கு மேல உங்கிட்ட இருக்கிறது சீசன் டிக்கெட்டு மட்டுந்தான். வருசக் கடைசியில இருபத்தேழாயிரத்துக்கு மேல ஒரு தொள்ளாயிரத்துச் சொச்சம் வட்டி வரும். மூணு வட்டிக்காரருக்கு நீ வருசத்துக்கு ஏழாயிரத்து எரநூறு குடுக்கப் போனியே, இப்ப பேங்குக்காரன் உனக்குக் குடுக்கிறான். கார்த்திகை விளக்கெண்ணெய்க்கு ஆச்சு.

இந்த வருசத் தீபாவளிக்கா? இந்த வருசம் கையில எவ்வளவு இருக்குது? ஆறாயிரமா? அப்ப இது ஆறாயிரம் ரூவா தீபாவளி. எண்ணெய்ச் சட்டி காயும், அதிரசம் நடக்கும், பொண்ணுக்கு ஒரு பாவாடை, ஒரு பாக்கெட்டு மத்தாப்பு. உனக்கு வேட்டி மாமனார் குடுப்பாரு. உங்க அவ்வாவுக்குச் சேலை வேணாம், அவ அதுக்குன்னு மிளகு டப்பாவுல வெச்சிருக்கிறா. நான் பார்க்கலை, வாசனை வருது. மச்சான் கேட்டா, இந்த வருசம் தாத்தாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. நான் அன்னிக்குக் கட்டில்ல படுத்துக்கிறேன், இருமல் கூட வரும், அதிரசம் மட்டும் தலைமாட்டுல வெச்சுடு.

கடைசியில சொல்றேன்னேனே, நான் கொறைக்கிற அந்த எட்டாயிரம். ஜாதர வாரத்துல ஆட்டுக்கெடா வாங்கப் போனா பதிமூணாயிரம் சொல்வான், சந்தையில நிக்கிற ஆட்டுக்கே தலைக்கனம் ஏறியிருக்கும். கார்த்திகையில பாலு மறந்த கெடாக்குட்டி ஒண்ணு அஞ்சாயிரத்துக்குப் புடிச்சுக்கினு வந்து பின்கட்டுல கட்டு. தழைக்குக் கவலை இல்ல, பட்டுப்புழுக்காரங்க போடுற மல்பெரிக் குச்சியில இருக்கிற மிச்சத் தழையே போதும், உன் பொண்ணு சாயங்காலம் பொறுக்கிக்கினு வந்துடும். ஆறு மாசத்துல கெடா ரெடி. கறியை வெட்டுறதுக்கு முன்னாடியே எட்டாயிரம் மிச்சம். குட்டியை நானே பார்த்து வாங்கித் தர்றேன், பல்லைப் புடிச்சுப் பார்க்கணும், உனக்குத் தெரியாது. ஒரே ஒரு விசயம், பொண்ணுகிட்ட இப்பவே சொல்லி வை, பேரு மட்டும் வெக்கக் கூடாது. போன தடவை உங்க அத்தை வீட்டுல அவங்க பொண்ணு ‘சின்னு’ன்னு பேரு வெச்சுட்டா. ஜாதரைக்கு முந்தின நாள் அதைக் கட்டிப் புடிச்சுக்கினு படுத்துட்டா, விடவே இல்ல. அவங்க கடனுக்கு இன்னொரு கெடா வாங்கி வெட்டினாங்க. சின்னு இன்னும் அங்கதான் இருக்குது, கொம்பு இவ்வளவு நீளம், போனா முட்டுது.